ஃபெரிலாந்துக்குப் போன கட்டில்

செயின்ட் ஜான்ஸ், மே 19

கால்கரியில் வசிக்கும் மரியாதைக்குரிய கிளெம் மாமாவுக்கு, மோனா எழுதுவது.

ஜூன் ஒன்றாம் தேதி முதல் உங்கள் வீட்டைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக நீங்கள் என்னை விரட்டுகிறீர்கள். அதோடு, எனக்குப் பதிலாக வந்து தங்கப்போகிறவர்கள் எங்கெங்கே காரோட்டிப் போய் எதையெதைப் பார்த்து மகிழலாம் என்பதையும் என்னையே எழுதித் தரச் சொல்கிறீர்கள். இங்கே நானும் ஃபெரிலாந்தில் அம்மாவும் சுகம். நீங்களும் கார்லா அத்தையும் சுகமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் சுகத்துக்கு ஒரு குறையும் வராதபடிதான் எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது.

“நகரத்தில் நான்கு நாள், சுற்றிலும் அழகிய கார்ப் பயணங்கள்” என்ற தலைப்பில் மூன்று பக்கம் வேண்டும், வர்ணனை தாராளமாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். மாமா, என்னிடம் கார் கிடையாது. ஏழு வருஷமாக ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துக்கு மேடேறி, மேடிறங்கி, பனிக்கட்டியில் வழுக்கி, நடந்தே போய்வருகிறேன். நீங்கள் சொல்லும் அழகிய சாலைகளில் பாதியை நான் கண்ணால் பார்த்ததில்லை. இருந்தாலும் மாமா கேட்டுவிட்டாரே என்று உட்கார்ந்து எழுதினேன். முதல் நாள்: துறைமுகத்துக்கு நடந்து போய்ப் பனிமூட்டத்தைப் பார்க்கவும். இரண்டாம் நாள்: கேப் ஸ்பியருக்குக் காரில் போய், கண்டத்தின் கிழக்குக் கோடியில் நின்று பனிமூட்டத்தைப் பார்க்கவும். மூன்றாம் நாள்: பே புல்ஸில் படகேறினால் திமிங்கிலம் மூச்சு விடுவது பனிமூட்டத்துக்குள்ளிருந்து கேட்கும். நான்காம் நாள்: ஃபெரிலாந்துக் கலங்கரை விளக்கத்தடியில் ரொட்டி தின்னவும், விளக்கம் தெரியாது, ரொட்டி தெரியும். பதினாறு வருஷமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவருக்கு இங்கே மே மாதம் எப்படியிருக்கும் என்பது மறந்திருக்கலாம். விளம்பரத்தில் நீங்கள் போட்டிருக்கும் படத்தில் வானம் அப்படி நீலமாக இருக்கிறது. அது என் படுக்கையறை ஜன்னல். நான் வேலைக்குப் போயிருந்தபோது ஆள் அனுப்பி எடுத்த படம். அதில் ஓரமாகத் தெரியும் செருப்பு என்னுடையது.

நம் தெருவில் பத்தொன்பது வீடு. பதினோரு வீட்டுக் கதவில், வந்துபோகும் சுற்றுலாக்காரர்களுக்கென்று எண் போட்டுத் திறக்கும் சாவிப் பெட்டி தொங்குகிறது. நவம்பரில் அந்தப் பதினோரு வீட்டிலும் விளக்கெரியாது. விளக்கெரியாத அந்த வீடுகளின் வாசலில் சேரும் பனியை, மற்ற எட்டு வீட்டுக்காரர்கள் தள்ளுகிறோம், தபால்காரர் விழுந்து காலை முறித்துக்கொள்ளக் கூடாதே என்று. நான் வாடகைக்குப் பதினான்கு அறை பார்த்துவிட்டேன். ஒன்றில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் படுக்க வேண்டும். இன்னொன்று நல்ல அறை, நல்ல அம்மாள், தேநீர்கூடக் கொடுத்தார். அக்டோபர் முதல் மே வரை இருந்துகொள் என்றார். ஜூன் முதல் செப்டம்பர் வரை எங்கே போவது என்று கேட்டேன். “அதான் கோடைக்காலமாச்சேம்மா” என்றார். கோடையில் மனுஷருக்கு வீடு தேவைப்படாது போலிருக்கிறது. அம்மாவிடம் போ என்பீர்கள். ஃபெரிலாந்திலிருந்து இங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் பாதை, பஸ் கிடையாது, காலை ஆறரைக்கு நான் சலவைக் கூடத்தில் நிற்க வேண்டும். ஆக, ஜூன் ஒன்றாம் தேதி நான் எங்கே படுப்பது என்று மார்ச்சில் ஒரு கடிதம், ஏப்ரலில் இரண்டு கடிதம் எழுதினேன். பதிலுக்குத் திரைச்சீலை நீலமா சாம்பலா என்று கேட்டு எழுதினீர்கள்.

அப்புறம் உங்கள் சாமான்கள் வந்திறங்கின. இரட்டைக் கட்டில், சாய்வு நாற்காலிகள், நங்கூர வடிவத்தில் ஒரு மேஜை விளக்கு, “இதுவே இல்லம்” என்று செதுக்கிய பலகை, சுவரில் தொங்கவிட மீன்வலை. மாமா, தாத்தா மீன்பிடித் தடை வந்த வருஷம் தன் வலையைக் கரையில் போட்டு எரித்தார், பக்கத்தில் நின்று பார்த்தவர் நீங்கள் என்று அம்மா சொல்வாள். கால்கரியில் ஒரு கடையில் புது வலை வாங்கி அனுப்பியிருக்கிறீர்கள். அதில் மீன் வாடைகூட இல்லை, லாவண்டர் வாடை அடிக்கிறது.

ஒத்திகைக்கு என்று மூன்று வாரம் முன்னாலேயே விருந்தாளிகளை அனுப்பி, என்னைக் கீழ்த்தளத்தில் எண்ணெய்த் தொட்டி பக்கத்தில் மடக்குக் கட்டிலில் படுக்கச் சொன்னீர்கள். சரியென்று படுத்தேன். வந்தவர்கள் வின்னிபெக் தம்பதி, ஓரெஸ்ட், மார்லீன். அவர் முப்பத்தொரு வருஷம் நகரப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனால் தோசைக்கல் மாதிரித் தட்டையான ஊரில். உங்கள் விளம்பரத்தில் “விமான நிலையத்தில் கார் எடுத்துக்கொள்ளலாம்” என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். இந்தத் தீவில் இந்தப் பருவத்தில் வாடகைக் கார் கிடைப்பதைவிடத் தனியாக ஒரு திமிங்கிலம் கிடைப்பது சுலபம். அலைந்து திரிந்து கடைசியில் அவருக்குக் கிடைத்தது, வீடு மாற்றுகிறவர்கள் சாமான் ஏற்றும் லாரி. பின்னால் பெரிய பெட்டி, பக்கவாட்டில் ஆளுயர எழுத்தில் “உங்கள் இடமாற்றம், எங்கள் பொறுப்பு.” அந்த லாரியில் ஏறித்தான் அவர்கள் உல்லாசப் பயணம் வந்திருந்தார்கள். மேட்டில் நிறுத்தப் பயந்து நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார், மாட்டை ஆசுவாசப்படுத்துகிற மாதிரி.

மூன்றாம் நாள் காலை தம்பதிகள் நடந்து சிக்னல் ஹில் குன்றைப் பார்க்கப் போனார்கள். பனிமூட்டத்தைத்தான் பார்த்தார்கள். லாரி பின்கதவு பூட்டாமல் வாசலில் நின்றது. இனி நடந்ததற்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கீழே விருந்தாளிகளின் போர்வைகளைத் துவைத்துக்கொண்டிருந்தேன், இயந்திரச் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை.

பக்கத்து வீட்டு கெர்ட் அம்மாளை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அவரும் ஃபெரிலாந்துக்காரர், உங்களைச் சின்ன வயசில் முதுகில் அறைந்தவர். நான் காலி செய்ய வேண்டிய சங்கதி தெருவுக்கே தெரியும். வாசலில் சாமான் லாரி நிற்பதைப் பார்த்ததும், இந்தப் பெண் இன்றைக்கே அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறாள், வாய்விட்டு உதவி கேட்கக் கூச்சப்படுகிறாள் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். நம் தெருவில் உதவி கேட்பது வெட்கம், கேட்கும்வரை காத்திருப்பது அதைவிட வெட்கம். கதவைத் தட்டுகிற பழக்கமும் இல்லை. தட்டினால் போலீஸ் அல்லது அயலூர். கெர்ட் அம்மாள் ஒரு போன் போட்டார். எதிர் வீட்டு ஹெர்ன் சகோதரர்கள், ஃபான்ஸும் லென்னும், கையுறை மாட்டிக்கொண்டு நேரே உள்ளே நுழைந்தார்கள். ஒரு மணி நேரம். கட்டில், நாற்காலி, மேஜை, நங்கூர விளக்கு, வலை, இல்லப் பலகை, விருந்தாளிகளின் இரண்டு பெட்டி, எல்லாம் லாரிக்குள். கெர்ட் அம்மாள் குளிர்பெட்டியைக் காலி செய்து துடைத்துத் திறந்தும் வைத்துவிட்டார். என் மடக்குக் கட்டிலை மட்டும் விட்டுவிட்டார்கள், அது எண்ணெய்த் தொட்டியோடு சேர்ந்த ஏதோ ஒன்று என்று நினைத்து.

தம்பதிகள் திரும்பி வந்தார்கள். அன்றைய திட்டம் ஃபெரிலாந்து. உள்ளே வராமல் நேரே லாரியில் ஏறினார்கள். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? கெர்ட் அம்மாள் இவர்களைக் கூலிக்கு வந்த லாரிக்காரர்கள் என்று நினைத்தார். இவர்கள் அவரை வழி சொல்லும் அன்பான உள்ளூர்ப் பெண்மணி என்று நினைத்தார்கள். அவர் லாரி ஜன்னல் வழியாக என் அம்மாவுக்கென்று ஒரு ரொட்டியைத் திணித்திருக்கிறார்.

“இத ரீட்டா கையில குடுத்துருங்க, கண்ணு. பச்ச வீடு. பழைய கடை வந்ததும் இடது பக்கம் திரும்புங்க.”

“கடைல போர்டு இருக்குமா?” என்றாராம் ஓரெஸ்ட்.

“கடை எரிஞ்சு பன்னெண்டு வருஷமாச்சு.”

“அப்ப எப்படிக் கண்டுபிடிக்கறது?”

“கடைதான எரிஞ்சுது. அது இருந்த எடம் அங்கயேதான இருக்கு.”

முப்பத்தொரு வருஷம் ஒரே பாதையில் பஸ் ஓட்டிய மனிதர், இல்லாத கடையைத் தேடிப் பனிமூட்டத்தில் மூன்று முறை ஊரைத் தாண்டிப் போய்த் திரும்பியிருக்கிறார். கடைசியில் ஒரு கிழவர் லாரியை மறித்து, “ரீட்டா வீட்டுக்குத்தான? தாண்டித் தாண்டிப் போறீங்களே” என்று தானே முன்னால் நடந்து கூட்டிப்போனார். கெர்ட் அம்மாள் முன்கூட்டியே அம்மாவுக்குப் போன் போட்டு மோனா சாமான் வருகிறது என்று சொல்லிவிட்டிருந்தார். அம்மா இருவரையும் பின்கட்டில் உட்காரவைத்துப் பட்டாணி சூப்பும் உப்பு மாட்டிறைச்சியும் போட்டாள். மார்லீன் போதும் போதும் என்று கையை வைத்து மறைக்க, அம்மா கையைத் தூக்கிவிட்டு ஊற்றினாள். வாசலில் ஊர்க்காரர் நாலு பேர் சத்தமில்லாமல் லாரியைக் காலி செய்தார்கள், விருந்தாளிகளின் பெட்டி உட்பட. விடைபெறும்போது மார்லீன் முன்னறையைப் பார்த்து நின்றுவிட்டார்.

“ஓரெஸ்ட், இங்க பாரேன். நம்ம ரூம்ல இருக்கற அதே நங்கூர விளக்கு.”

“இந்த ஊர்ல வீட்டுக்கு வீடு ஒண்ணு இருக்கும்போல. மீன்பிடிக்கற ஜனங்கதானே” என்றார் ஓரெஸ்ட்.

சாயங்காலம் அவர்கள் வீடு வந்து சேர்ந்தார்கள். கூடத்தில் ஆணிகள் மட்டும் இருந்தன. மார்லீன் ஒவ்வோர் அறையாகப் போய்விட்டுக் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தார். எண்ணெய்த் தொட்டியைப் பார்த்தார், மடக்குக் கட்டிலைப் பார்த்தார், அதன்மேல் மடித்து வைத்திருந்த என் சலவைக் கூடச் சீருடையைப் பார்த்தார். கட்டில் எங்கே என்று அவர் கேட்கவில்லை, மாமா.

“யாரும் இல்லாத வீடுன்னுல்ல எழுதியிருந்தாங்க. நீ இங்கயா இருக்க?” என்றார்.

ஏழு வருஷமாக என்றேன். அவர் மேலே போய்க் கணவரிடம் ஏதோ சொன்னார். அதன்பிறகு இருவரும் ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை. கெர்ட் அம்மாள் அவர்களை இழுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டில் படுக்கவைத்தார், மறுநாள் ஃபான்ஸ் பெட்டிகளை எடுத்து வந்து கொடுத்தான். உங்களுக்குப் போன் செய்தது ஓரெஸ்ட்தான், மரியாதைக்காக. உங்களிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது. நேரம் பார்த்தேன்: அவர் போனை வைத்து ஆறு நிமிடம். “கட்டில் எங்கே?” இரண்டு சொல். மூன்று கடிதத்துக்கு வராத பதில், ஒரு கட்டிலுக்கு ஆறு நிமிடத்தில் வந்துவிட்டது.

ஆகவே எழுதுகிறேன். கட்டில் ஃபெரிலாந்தில் இருக்கிறது. உங்கள் அக்கா அதில் படுத்துக்கொண்டிருக்கிறாள். முதுகுவலி குறைந்திருக்கிறதாம். வலையைக் கோழிக்கூண்டின்மேல் போட்டிருக்கிறாள், காக்கை வராமல் இருக்க. திருப்பிக் கேட்டேன், கேட்கவில்லை என்று சொல்லாதீர்கள். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: “கிளெமுக்குக் கட்டில் வேணும்னா கிளெமே வந்து தூக்கிட்டுப் போகட்டும். வழி மறந்திருக்கும். பழைய கடை வந்ததும் இடது பக்கம் திரும்பச் சொல்லு.”

நீங்கள் கேட்ட நான்கு நாள் பயணத் திட்டமும் இத்துடன் முழுமையடைகிறது. வர்ணனை போதாவிட்டால் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் குழப்பத்தில் என் பங்கு எள்ளளவும் இல்லை என்பதை மீண்டும் பணிவோடு தெரிவிக்கிறேன். கார்லா அத்தைக்கு என் அன்பு. உங்கள் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கவும், உங்கள் கூரைகள் எதுவும் ஒழுகாமல் இருக்கவும் வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அக்கா மகள்,
மோனா

பின்குறிப்பு: மேலே எழுதியதை கெர்ட் அம்மாள் படித்துவிட்டார். தட்டாமல் உள்ளே வருகிறவரிடம் கடிதத்தை எங்கே ஒளிப்பது? பொய்யைத் தபாலில் போடக் கூடாது என்கிறார். எனவே ஒரு திருத்தம். அன்றைக்கு நான் போர்வை துவைக்கவில்லை. கையில் தேநீரோடு, நீங்கள் படமெடுத்த அந்த ஜன்னலில்தான் நின்றிருந்தேன். கெர்ட் அம்மாள் கீழேயிருந்து, “லாரி வந்துருச்சு போல, கண்ணு. பசங்களக் கூப்பிடட்டுமா?” என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தேநீரைக் குடித்து முடித்தேன். பிறகு கட்டில் கால் கழலாமல் ஃபான்ஸ் திணறியபோது, திருகுச் சாவியை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். ஜூன் ஒன்றாம் தேதி நான் எங்கே படுப்பது? ஆறு நிமிடம் தருகிறேன். எழுதுங்கள்.