மில்லிமீட்டரும் வடக்கே தலைவைக்காத அம்மாவும்

உலகத்தில் எதுவுமே நேராக இல்லை என்று மனப்பூர்வமாக நம்பிய ஒரே மனிதர் எங்கள் மில்லிமீட்டர்தான். நாங்கள் வைத்த பட்டப்பெயர் அது; ஆள் மாகறல்காரர். தன் கல்யாணத்தில் கெட்டிமேளம் முழங்கும்போது, பந்தல் வாழைமரம் சாய்ந்திருக்கிறது என்று தாலியைக் கையில் பிடித்தபடியே எழுந்துபோய் நிமிர்த்திவிட்டு வந்தவர். அதுவரை மூச்சுவிடாமல் ஊதிய நாதஸ்வரக்காரர் பிழைத்தது தெய்வாதீனம். கேன்டீனில் இட்லியைத் தட்டின் நடுவுக்கு நகர்த்திய பிறகுதான் சட்னி ஊற்ற விடுவார்.

உத்திரமேரூர் சாலையில் எங்கள் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் அவருக்கென்றே செய்தாற்போல ஒரு வேலை இருந்தது. கதிர்வீச்சு மெஷினில் நோயாளி சரியான இடத்தில் படுத்திருக்கிறாரா என்று படம் பிடித்துப் பார்த்து, மேசையைத் தானே நகர்த்துகிற சாப்ட்வேர் ஒன்று உண்டு. அதைச் சோதிப்பவர் இவர். நடுவில் சின்ன உலோகக் குண்டு பதித்த பிளாஸ்டிக் கட்டை ஒன்றை மேசையில் வேண்டுமென்றே தள்ளி வைப்பார். சாப்ட்வேர் அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கையெழுத்துப் போட மாட்டார். மெஷினை இயக்கும் எனக்குத் தினமும் பேஜார்.

ஒருமுறை சாப்ட்வேரின் புதுப் பதிப்பு வந்தது. மூன்று நாள் எங்கள் உயிரை வாங்கிவிட்டு, அரை மனதாகக் கையெழுத்திட்டார். மறுநாள் முதல் ஆளாக வந்தவர் காவாந்தண்டலத்துக் கன்னியம்மா. தொடையில் கட்டி. எங்கள் மேசையில் எல்லோருக்கும் தலை வடக்கே போகும். இந்த அம்மாவோ ஸ்கேன் எடுத்த அன்றே ஆஸ்பத்திரியை இரண்டாக்கியிருந்தார்.

"வடக்கால தல வெச்சி எவனாவது படுப்பானா? சாவறதுன்னா என் வூட்ல சாவறேன்!"

டாக்டர் இறங்கிவந்து, கால் பக்கமாக உள்ளே போகும்படி திட்டத்தை மாற்றிப் போட்டிருந்தார். அன்று அந்த அம்மாவைப் படுக்க வைக்கப் போகும் நேரத்தில் மில்லிமீட்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"நிறுத்துப்பா! கட்டைய இந்தமாரி திருப்பி வெச்சி யாருமே பாக்கல. நானும் பாக்கல."

எனக்கு வந்ததே கோபம். "அண்ணா, கட்டைக்கு ஏதுண்ணா தலையும் காலும்?"

"கட்டைக்கு இல்லப்பா. சாப்ட்வேருக்கு கீதே!"

"பேஷண்ட் எவ்ளோ நேரம்யா காத்துக்கினு இருப்பாங்க?" என்று மேனேஜர் கத்தினார். மில்லிமீட்டர் காதில் வாங்கவே இல்லை. சாப்ட்வேரில் 'கால் முதலில்' என்று மாற்றி, கட்டையைத் திருப்பி வைத்து, ஒரு சென்டிமீட்டர் இடப்பக்கம் தள்ளினார். மேசை அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவரவில்லை. அதே இடப்பக்கமாகவே இன்னும் ஒரு சென்டிமீட்டர் விலகி நின்றது. 'கால் முதலில்' என்றதும் சாப்ட்வேருக்கு இடம் வலமாகிவிட்டிருந்தது.

அந்த அம்மாவைப் படுக்க வைத்திருந்தால், கட்டியை விட்டுவிட்டு, நல்ல சதையைச் சுட்டிருப்போம். வேறு ஆளாக இருந்தால் எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பாவது சிரித்திருப்பார். இவர் தான் கையெழுத்திட்ட தாளை எடுத்துக் குறுக்கே கோடு போட்டார்.

"நான்தாம்பா சரின்னு போட்டேன்," என்றார்.

கம்பெனிக்காரர்கள் வந்து சரிசெய்து, இவர் கட்டையை எட்டுத் திக்கிலும் திருப்பிப் பார்த்து முடிக்க ஆறு நாளாயிற்று. அதுவரை கன்னியம்மா, "அந்த அளவுக்காரன் கையில புத்து வெக்க" என்று சபித்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லலாம் என்று நான் வாயெடுத்தபோது மில்லிமீட்டர் தடுத்துவிட்டார். "திட்டட்டும் வுடு. பயந்துக்கினு வராம போய்ட்டா?"

சிகிச்சை முடிந்து, கன்னியம்மா மெஷினை விழுந்து கும்பிட்டுவிட்டு நடந்து போனார். நான் யாரைக் கும்பிட்டிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நாளைக்கு எனக்கே ஒரு நோய் வந்தால், மில்லிமீட்டர் எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரித்து, அந்த ஊரில் போய்த்தான் படுப்பேன்.