அரைவாசி சேரும் ஆறு பேர் சஹனும்

கற்பிட்டியிலிருந்து புத்தளம் வரைக்கும் வீடு வீடாகத் தேடினாலும், ஒரு வேலை முடிந்துவிட்டதே என்று கவலைப்படுகிற மனுசன் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் பின்னறையில் வாடகைக்கு இருந்த, படித்தவர் என்று நாங்கள் 'சேர்' போட்டுக் கூப்பிட்ட அரைவாசி சேர்.

பிள்ளைகளே, நீங்கள் மொட்டைப் பார்ப்பீர்கள், பூவைப் பார்ப்பீர்கள். சேருக்கு இரண்டும் வேண்டாம், நடுவில் உள்ளதுதான் வேண்டும். என் மனைவி அப்பம் சுட்டால் அடுப்படிக்கு ஓடி வருவார். "அக்கா, மூடியைத் திறங்க! ஓரம் வெந்துட்டு, நடு வேகல்ல. இதுதான் வடிவு!" சலூனில் ஒரு கன்னம் வழித்ததும் நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்தார். அந்த நேரம் பார்த்து கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. கதைத்தபடியே எழும்பி, அரைத் தாடியோடு கடைத்தெரு முழுக்கச் சுற்றி வந்தார். 'அரைவாசி' என்ற பேர் அன்றைக்குத்தான் விழுந்தது.

பைத்தியம் இல்லை, படிப்பு அப்படி. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், எனக்கு விளங்கின அளவில் சொல்கிறேன். நம் உடம்பில் புரதம் என்று ஒன்று இருக்கிறது. மணிமாலை போல நீளமாக வரும். தானாகவே மடிந்து சுருண்டு ஒரு வடிவத்துக்கு வந்தால்தான் வேலை செய்யும். மடிகிற வழியில் ஒரு பாதி வடிவம் வந்து, கண் மூடித் திறக்குமுன் மறைந்துவிடுமாம். அங்கேயே சிக்கிக்கொண்டால் சில நோய்கள் வருமாம்.

கம்ப்யூட்டருக்குள் மணி மணியாக நகர்த்தி, அந்தப் பாதி வடிவத்தை சேர் கண்டுவிட்டார். ஆனால் கொழும்பு ஆய்வுகூடத்தில் அவருடைய தோழி உண்மையான புரதத்தை மடியவிட்டு அளந்தால் ஒன்றையும் காணவில்லை. "இன்னும் ஒருமுறை பாருங்கள். அதிலும் இல்லையென்றால் அந்தப் பாதியை மறந்துவிடுங்கள்" என்று சேரின் பேராசிரியர் சொல்லிவிட்டார். எத்தனையோ வருச உழைப்பு. அதோடு சேர் சோற்றையும் பாதியில் வைத்துவிட்டு எழும்பத் தொடங்கினார்.

அந்தக் கிழமைதான் என் மனைவியின் மாமா, ஹாஜியார், மகளுக்குக் கலியாணம் வைத்தார். எங்கள் ஆட்களின் கலியாணங்களில் சஹன் சாப்பாடுதான். ஒரே பெரிய தட்டில் சேர்ந்து சாப்பிட, அதைச் சுற்றி ஆறு பேர் குந்தி இருக்க வேண்டும். ஆறு பேர் சேர்ந்தால்தான் தட்டு வரும்.

முன்னேஸ்வரம் கோயிலடிக்காரரான சேர் சஹனைக் கண்டதே இல்லை. பந்தல் ஓரத்தில் நின்று வாய் பிளந்து பார்த்தார். முதல் பந்தியில் நல்ல பசி. ஆட்கள் இருந்த உடனே ஆறு பேர் ஆகிவிட்டார்கள். பிறகு கூட்டம் குறைந்தது. நாலு பேர் கை கழுவிவிட்டு வந்து, வழியைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"சேர், நீங்களும் இருங்க" என்றேன். என்னை அவர் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"வேணாம் நானா, நான் இருந்தா அது மாறிடும்! முதல்ல பசி அவசரத்துல, நாலு பேரா இருந்த நேரத்தை ஒருத்தரும் காணல்ல. இப்ப ஆறுதலா, மெதுவா வாறாங்க, நாலு பேர் நாலு பேராவே இருக்காங்க பாருங்க! நாங்க புரதத்தைச் சூட்டுல அளந்துட்டோம். குளிர்ல அளந்தா மெதுவா மடியும், பிடிச்சிடலாம்!"

ஓடினார். ஒரு காலில் தன் செருப்பு, மறு காலில் மாப்பிள்ளையின் செருப்பு.

ஹாஜியாரின் முகம் கறுத்துப்போனது. "என்ட வீட்டுக் கலியாணத்துல ஒரு மனுசன் சோறு தின்னாமப் போறதா? பெரியாக்களோட ஒரு சஹன்ல நாங்க அவரை இருத்தல்லண்டு கோவிச்சிட்டார்!"

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சஹனைத் தூக்கிக்கொண்டு, மாப்பிள்ளையின் வாப்பா, இரண்டு பெரியவர்கள், நான் என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு பின்னறைக்கு வந்தார். தட்டைச் சுற்றி இருந்தோம்.

"தம்பி, பிழை எங்கள்ட. மன்னிச்சு ஒரு கை வைங்க."

தொலைபேசியில் கொழும்புத் தோழியோடு கதைத்துக்கொண்டிருந்த சேர் திரும்பினார். முகம் மலர்ந்துவிட்டது. "ஐயோ, அஞ்சு பேர்! அசையாதீங்க! கொஞ்சம் அப்படியே இருங்க!"

சோறு ஆறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் வாப்பா என் காதில் கேட்டார்: "இவர் மன்னிக்கிறாரா, தண்டிக்கிறாரா?"

ஒருவழியாக சேர் வந்து குந்தினார். அன்றைக்கு எழும்பாமல் முழுக்கச் சாப்பிட்டார்.

ஆய்வுகூடத்தில் குளிரில் அளந்தார்கள். முடிவு வந்த அன்று, சேரின் கோபம் ஆறிவிட்டதா என்று பார்க்க ஹாஜியார் இனிப்பு வட்டிலப்பத்தோடு வந்திருந்தார். திரையில் ஒரு கோடு. கோட்டில் ஒரு சின்னப் புடைப்பு.

"இதுதானா தம்பி? சின்னதா இருக்கே."

"ஓம் ஹாஜியார். நான் கம்ப்யூட்டர்ல கண்ட மாதிரியே இல்ல, புரதத்துட வால் பக்கம் நான் பிழை விட்டுட்டேன். ஆனா இருக்கு. உண்மையா இருக்கு ஹாஜியார்." சேர் அந்தப் புடைப்பை விரலால் தொட்டுக் காட்டினார்.

ஹாஜியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிறந்த பிள்ளையைப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார். "மாஷா அல்லாஹ்" என்றார்.

அந்தக் கோட்டில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, பிள்ளைகளே. ஆனாலும் அது இருந்ததே என்று எனக்கும் நெஞ்சு நிறைந்துபோனது.