பந்தைப் பின்னால் எறிகிறவனின் தகப்பன் எழுதுவது

பெருமதிப்பிற்குரிய விளையாட்டுப் பகுதி ஆசிரியர் திரு. டகர்ட்டி அவர்களுக்கு,

ஏரிக்கரைச் சாலையிலிருந்து எமில் ஹ்ராபிக் எழுதுவது. நானும் என் மனைவி ரோசலினும் நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், அடுத்தவர் பெயரை விழுங்கியே கொழுத்திருக்கும் தங்கள் பத்திரிகையும் நலமாயிருக்க வேண்டுகிறோம்.

போன திங்கட்கிழமை முதல் பக்கத்தில் பெரிய படம் போட்டிருந்தீர்கள். நம் அணியில் பந்தை உதைக்கும் கிக்கர் காலோவே இரண்டு கையையும் விரித்துச் சிரிக்கிறார். அவரைத் தோளில் சுமந்துகொண்டு ஒருவன் நிற்கிறான். கீழே, 'வெற்றி நாயகன் காலோவே, உடன் சக வீரர்' என்று அச்சிட்டிருந்தீர்கள். ஐயா, அந்தச் சக வீரருக்கு டோபியாஸ் ஹ்ராபிக் என்று ஒரு பெயர் இருக்கிறது. நான்தான் வைத்தேன். ஒன்பது வருடமாக அணியில் இருக்கிறான், ஒரு தடவைகூட அந்தப் பெயர் உங்கள் பத்திரிகையில் வந்ததில்லை. ரோசலின் திங்கள்தோறும் கத்திரிக்கோலோடு உட்காருகிறாள். வெட்டி ஒட்ட ஒன்றும் கிடைக்காமல் சோப்புத்தூள் கூப்பனை வெட்டிக்கொண்டு எழுந்திருக்கிறாள்.

விளையாட்டுப் பக்கம் நடத்துகிறவருக்கு அமெரிக்கக் கால்பந்தை நான் விளக்கக் கூடாது, இருந்தாலும் விளக்குகிறேன். என் மகன் குனிந்து, தன் கால்களுக்கு நடுவே தலைகீழாகப் பார்த்து, எட்டு கஜம் பின்னால் மண்டியிட்டிருப்பவன் கையில் பந்தை எறிகிறான். மண்டியிட்டவன் பந்தைத் தரையில் நிமிர்த்திப் பிடிக்கிறான். காலோவே வந்து அதைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கிறார். அவர் கால் பந்தில் படுவதற்குள் எதிரணித் தடியன்கள் மூன்று பேர் டோபியின் கழுத்தில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். காலோவேக்குக் கைதட்டல், டோபிக்கு வெந்நீர் ஒத்தடம். நல்ல பங்கீடு! இதைப் பழகுவதற்காகப் பள்ளிக்கூட நாளில் எங்கள் கார் கொட்டகையில் அவன் எறிய எறிய நான்தான் பிடித்தேன். ஒரு விலா எலும்பும் காரின் முன்கண்ணாடியும் போயின. உங்கள் நிருபர் யாராவது வந்து எட்டிப் பார்த்தாரா? நன்றி நாள் விருந்துக்கு வந்த பக்கத்து வீட்டு கார்ல், வான்கோழிக் காலைக் கடித்துக்கொண்டே, "டோபி டீம்ல என்னப்பா பண்றான்?" என்றான். "பந்தைப் பின்னாடி எறியறான்" என்றேன். "அது சரி, பொழப்புக்கு என்ன பண்றான்?" என்கிறான்! அது போகட்டும், மைதான வாசலில் ஒரு பெண்மணி டோபியைப் பார்த்து ஓடி வந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "தம்பி, இந்த போனைக் கொஞ்சம் பிடிப்பா, காலோவே கூட ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றாள். இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்றது? அந்த மடையன் மூன்று போட்டோ எடுத்துக் கொடுத்தான், அதுவும் சிரித்துக்கொண்டே.

இன்று ஞாயிறு, ஆட்டத்தின் இடைவேளையில் எழுதுகிறேன். முடிந்ததும் நானே காரில் கொண்டுவந்து உங்கள் காவலாளியிடம் கொடுத்துவிடுவேன். நான் கேட்பது ஒன்றுதான்: நாளைக் காலைப் பத்திரிகையில் என் மகன் பெயர் வர வேண்டும். ரோசலின் கத்திரிக்கோலைச் சாணை பிடித்து வைத்திருக்கிறாள்.

தங்கள் அச்சு மை வற்றாதிருக்கட்டும். வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
எமில் ஹ்ராபிக்

பி.கு.: ஆட்டம் முடிந்துவிட்டது, தோற்றுவிட்டோம். கடைசி நொடியில் காலோவே உதைத்திருந்தால் வெற்றி. டோபி எறிந்த பந்து, மண்டியிட்டிருந்தவன் தலைக்கு மேலே பறந்து எதிரணிக்காரன் கையில் போய் விழுந்தது. தொலைக்காட்சிக்காரன் என் மகன் பெயரை அட்சர சுத்தமாகச் சொல்கிறான், சொல்லிக்கொண்டே இருக்கிறான். கார்ல் வேலியருகே வந்து, "எமில், உன் பையன் வேலை என்னன்னு இப்பதான்யா புரிஞ்சுது" என்றான். டோபி போன் செய்தான். "அப்பா, அம்மா கத்திரிக்கோலை எங்கயாச்சும் ஒளிச்சு வெச்சிருங்க" என்றான். சிரித்துக்கொண்டே சொல்லத்தான் பார்த்தான், குரல் உடைந்துவிட்டது. ஐயா, நாளைக்கு அவன் படத்தைப் போடாமல் இருக்க மாட்டீர்கள், தெரியும். மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், படத்துக்குக் கீழே மட்டும் வழக்கம்போல 'சக வீரர்' என்றே போடுங்கள்.