நானூற்றுப் பன்னிரண்டு படி

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று ஒரு சபதம் எடுத்தேன். இனி இந்த ஜென்மத்தில் சுற்றுலாப் பேருந்து எதிலும் கால் வைப்பதில்லை. முப்பத்தொரு வருஷம் ஓட்டியாயிற்று. சக்கரம் தேய்ந்தால் வேறு மாற்றுவார்கள். என் முட்டி தேய்ந்ததற்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சபதம் பதினோரு நாள் தாங்கியது. பன்னிரண்டாம் நாள் காலையில் என் வீட்டுக்காரி வெங்காயம் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் ஆரம்பித்தாள்.

"என்னங்க, அந்த அருவியப் பாக்கணும்."

"எந்த அருவி?"

"எத்தன அருவி வெச்சிருக்கீங்க? கல்யாணமான நாள்லேர்ந்து இருபத்தெட்டு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கீங்களே, அதுதான்."

எனக்கு உள்ளே பிரேக் பிடிக்கவில்லை.

ஏன் என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அந்த அருவிக்கு நானூறு தடவையாவது ஜனங்களைக் கொண்டுபோய் இறக்கியிருப்பேன். ஒரு தடவைகூட நான் அதைப் பார்த்ததில்லை. எங்கள் கம்பெனிச் சட்டம் அப்படி. பயணிகள் பைகளை வண்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். ஓட்டுநர் வண்டியை விட்டு நகரக் கூடாது. அவர்கள் மேலே ஏறி, நனைந்து, சிரித்து, தலை துவட்டிக்கொண்டு வரும்வரை பைகளுக்கு நான் காவல். அரண்மனை என்றால் எனக்கு ஒரு மரநிழல். கடற்கரை என்றால் ஒரு கழிப்பறைச் சுவர். அருவி என்றால் ஓர் இரைச்சல். கண்ணாடியை ஏற்றிவிட்டால் அதுவும் கிடையாது.

ஆனால் கல்யாணமான புதிதில் "எப்படி இருந்துச்சு?" என்று அவள் கேட்டபோது, பார்க்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வழிகாட்டி மைக்கில் சொல்வதை அப்படியே எடுத்து விட்டேன். "வெள்ளிய உருக்கி ஊத்தின மாதிரி விழும். அதுக்கு நடுவுல வானவில் நிக்கும்." அவள் கண் விரிந்துபோயிற்று. "என்னையும் ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க." "அடுத்த மாசம்" என்றேன். அந்த அடுத்த மாசம் கொஞ்சம் நீண்டுவிட்டது. அதற்குள் ஒரு மகள் பிறந்து, படித்து, கல்யாணமாகி, மருமகனுக்கு வழுக்கையே விழுந்துவிட்டது.

இப்போது அவளைக் கூட்டிக்கொண்டு போனால் எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் இன்றுவரை என்னை விட்டால் ஊர் பார்த்தவன் கிடையாது. எதிர்வீட்டுத் தையல்காரம்மாவே எங்கே கிளம்பினாலும் என்னிடம் வந்து விவரம் கேட்டுவிட்டுத்தான் போவாள். அத்தனை மரியாதையும் ஒரே நாளில் தண்ணீரில் போகும்.

ஆகவே சரித்திரத்தைக் கையில் எடுத்தேன். நான் படித்தது ஆறாம் வகுப்பு. ஆனால் வழிகாட்டியின் மைக்குக்கு இரண்டடி முன்னால் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவன்.

"இந்த ஊர் சுத்துறதே ஒரு புது வியாதி, தெரியுமா? அந்தக் காலத்துல எவனாவது சும்மா கிளம்பினானா? சாமி கும்பிடப் போனான். யாவாரத்துக்குப் போனான். சண்டைக்குப் போனான். வேடிக்க பாக்கப் போறேன்னு சொல்லியிருந்தா புடிச்சுக் கட்டிப் போட்டிருப்பாங்க."

"சாமி கும்பிடப் போனவங்க வழி பூரா கண்ண மூடிக்கிட்டா போனாங்க?"

சரி, அடுத்த கட்டம்.

"அப்புறம் சீமையில பெரிய பணக்காரங்க அவங்க பையன்கள ரெண்டு வருஷம் மூணு வருஷம் ஊர் பாக்க அனுப்பினாங்க. கூடவே ஒரு வாத்தியாரு. இடிஞ்ச கட்டடம், பழைய சிலை எல்லாம் பாத்துட்டு வந்தாத்தான் படிப்பு முடிஞ்ச கணக்கு."

"அவங்க அக்கா தங்கச்சி?"

"வீட்டுலதான்."

"நெனச்சேன்" என்று ஒரு வெங்காயத்தை இரண்டாகப் பிளந்தாள்.

"அப்புறம் ரயில் வந்துச்சு. ஒருத்தரு மொத்த வண்டியையும் பேசி, போக வர ஒரே டிக்கெட்டு, நடுவுல டீ, பேண்டு வாத்தியம்னு ஜனங்கள ஏத்திக்கிட்டுப் போனாரு. அன்னைக்குப் புடிச்ச சனி. பஸ்ஸாச்சு, பிளேனாச்சு. இப்ப எல்லாரும் எல்லா எடத்துக்கும் போறாங்க, எதையும் பாக்கறதில்ல. முதுகக் காட்டி நின்னு போட்டோ எடுத்துட்டு வந்துடறாங்க. பாவம், அருவிதான் அவங்க முதுகப் பாக்குது."

கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆக, பக்தன் போனான், யாவாரி போனான், பணக்காரன் போனான், அப்புறம் ஏழையும் போனான். டிரைவர் பொண்டாட்டி எந்தக் காலத்துலங்க போனா?"

இதற்கு மைக்கில் பதில் வந்ததே இல்லை.

பயம் காட்டிப் பார்த்தேன். "ஆயிரம் படி ஏறணும். உன் காலுக்கு ஆகாது. நான் வெளியூர் போய்ட்டு வர்றப்பவே சில தடவ நீ வெந்நீர்ல கால வெச்சுக்கிட்டு உக்காந்திருப்ப."

"நானூத்திப் பன்னெண்டு."

"என்னது?"

"படி. ஆயிரமில்ல. நானூத்திப் பன்னெண்டு."

"யாரு சொன்னா?"

"நீங்கதான். எப்பவோ."

சொன்னேனா? எனக்கே நினைவில்லை. இந்த வயசிலும் அவளுக்கு என்ன ஞாபகசக்தி என்று பெருமைப்பட்டேன். நான் எப்பேர்ப்பட்ட மடையன் என்பதை இந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசி அஸ்திரம், வழிகாட்டி. அவனை நாங்கள் மைக் என்றே கூப்பிடுவோம். தண்ணீர் கேட்டால்கூட அறிவிப்பு மாதிரி கேட்பான். தெருமுனைக்குப் போய் அவனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, சாயங்காலம் வீட்டுக்குப் போன் பண்ணி அவகிட்ட பேசு. மண்சரிவு, அருவிப் பாதைய மூடிட்டாங்க, தெறக்க ஆறு மாசமாகும்னு சொல்லு."

"நானாண்ணே? அக்காகிட்டயா?"

"ஆமா. நீ சொன்னா நம்புவா."

"நம்புவாங்களாண்ணே?"

ரொம்ப அடக்கமான பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் போன் வந்தது. அவளே எடுத்தாள். நான் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். "ம்... ம்... அப்படியா தம்பி... சரி சரி... யாரு சொல்லச் சொன்னா... ம்." வைத்துவிட்டாள். பேப்பருக்குள்ளேயே வருத்தப்படத் தயாரானேன்.

"சனிக்கிழம காலைல ஆறு மணி வண்டி. ரெண்டு சீட்டு சொல்லிட்டேன்."

"மண்சரிவு என்னாச்சு?" வாய் முந்திக்கொண்டது.

"எந்த மண்சரிவு?"

"பேப்பர்ல போட்டிருந்தான்."

"காட்டுங்க."

"அது நேத்துப் பேப்பர்" என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

சனிக்கிழமை, முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாகப் பயணிகள் வாசல் வழியாக ஏறினேன். உள்ளே தையல்காரம்மா, இன்னும் ஏழு பெண்கள். என்னைப் பார்த்ததும் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் வெளியே வேடிக்கை பார்த்தார்கள். மைக் ஓடி வந்தான்.

"வாங்கக்கா. ஜன்னல் சீட்டு வெச்சிருக்கேன். நீங்க வழக்கமா..." என்றவன் என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"என்னது வழக்கமா?"

"உக்காருங்க. வண்டி கிளம்பட்டும்" என்றாள் என் வீட்டுக்காரி.

வண்டி கிளம்பியது. கூடவே விஷயமும் கிளம்பியது. எங்கள் கம்பெனியில் ஓட்டுநர் குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஒரு சீட்டு இலவசம். நான் அதைக் கேட்டதே இல்லை. இவள் ஒன்பது வருஷம் என் 'அடுத்த மாச'த்தை நம்பிப் பார்த்தாளாம். பத்தாவது வருஷம் ஆபீசுக்குப் போய் என் பேரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். நான் ஒரு பக்கம் வண்டியை ஓட்டிக்கொண்டு போவேன். இவள் தையல்காரம்மாவைச் சேர்த்துக்கொண்டு இன்னொரு பக்கம் ஏறிவிடுவாள். நான் திரும்பி வரும்போது வெந்நீரில் கால்.

"எத்தன தடவ போயிருக்க?"

"அந்த அருவிக்கா? பத்தொம்பது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அடுத்த மாசம் சொல்லலாம்னு இருந்தேன்."

"அப்ப நான் சொன்னதெல்லாம்..."

"அங்க வானவில்லே கெடையாதுங்க. அந்தப் பாறைக்கு வெயில் வராது. மொதத் தடவையே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன் என் வாயப் பாத்துக் கேட்டுக்கிட்டு இருந்த?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "வேற என்ன பேசினீங்க என்கூட?"

அதற்கப்புறம் நாற்பது கிலோமீட்டர் மைக்தான் பேசினான். "வெள்ளியை உருக்கி ஊற்றியது போல..." என்று அவன் ஆரம்பித்ததும் எட்டுத் தலைகள் என் பக்கம் திரும்பி, பெரிய மனசு பண்ணி முன்னால் திரும்பிக்கொண்டன.

வண்டி நிறுத்துமிடம் வந்தது. என் மரம், என் சுவர், என் இரைச்சல். அவள் ஒரு மூலையைக் காட்டினாள்.

"ஒரு வருஷம் ரெண்டு வண்டியும் ஒரே நாள்ல இங்க வந்துடுச்சு. நீங்க அங்க நிறுத்திட்டு வாயத் தெறந்து தூங்கிட்டு இருந்தீங்க. கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்தேன்."

"எழுப்பியிருக்கலாமே."

"கையத் தூக்கினேன். எழுப்பினா என்ன சொல்லுவீங்கன்னு யோசிச்சேன். பையெல்லாம் யாரு பாத்துக்குவான்னுதான் சொல்லுவீங்க. விட்டுட்டேன்."

அதைத்தான் சொல்லியிருப்பேன்.

எழுந்து நின்றேன். முட்டி சத்தம் போட்டது. "இன்னைக்கு நான் ஏறுறேன். உன்கூட."

மனசாரச் சொன்னேன். அவளும் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு தோளிலிருந்த பையைக் கழற்றி என் இருக்கையில் வைத்தாள். அதன்மேல் தையல்காரம்மா தன் பையை வைத்தாள். ஒருவர் பின் ஒருவராக ஒன்பது பை.

"நானூத்திப் பன்னெண்டு படி. உங்க முட்டி தாங்காது. இப்ப வர்ற டிரைவரெல்லாம் உங்கள மாதிரி இல்லங்க. வண்டிய நிறுத்தினதும் எங்களுக்கு முன்னாடி மேல ஏறிடறாங்க. போன தடவ தையல்காரம்மா பை போயிடுச்சு. பழகின ஆளு ஒருத்தர் இருந்தா தேவலன்னு எல்லாரும் சொன்னாங்க. அதுக்குத்தான் ரெண்டு சீட்டு."

இறங்கினவள் வண்டிப் படியில் நின்று திரும்பினாள்.

"கண்ணாடிய ஏத்திக்கிட்டுத் தூங்குங்க. எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்றேன்."