காலையில் வெள்ளரி, மாலையில் மீன்

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. நான் நலம், இதை இவ்வளவு நிம்மதியாக எழுதி வெகுநாளாயிற்று. அங்கே நீங்களும், என் மகளும், பேரனைப் பார்க்க வந்து அங்கேயே தங்கிவிட்ட உங்கள் மாமியாரும் நலமென நம்புகிறேன். போன வாரம் நான் எழுதிய கடைசிக் கடிதத்தைக் கிழித்துப் போடவும். என் ஸ்கூட்டர் உங்களுக்கே என்று அதில் எழுதியதும் செல்லாது.

காலையில் பேருந்தில் ஏறினால் வெள்ளரிக்காய் நறுக்கிய வாசனை. பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை, வயதுக்குத் தரும் மரியாதை என்று நினைத்தேன். மதியம் அலுவலகத்தில் என் ஜன்னலோர நாற்காலியில் வெயில் விழுந்ததும் புதுப் பெயிண்ட் வாசனை. சுவரைத் தடவிப் பார்த்தேன், பழைய சுவர்தான். மாலையில் மீன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் அங்கேயும் மீன், தலையணையிலும் மீன். டாக்டரிடம் ஓடினேன். அவர் சளி பிடித்த மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் வரலையே சார். இல்லாத வாசனை வந்தா மூளையைப் பார்த்துடணும்" என்று ஸ்கேனுக்கு எழுதிவிட்டார். மாப்பிள்ளை, பயந்துபோனேன். பேரன் நடப்பதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்தக் கையோடுதான் உங்களுக்கு அந்தக் கடிதம்.

நேற்று ஸ்கேனில் மூளைக்கு ஒரு குறையும் இல்லை என்று வந்தது. அப்புறம் நீங்கள் போன் செய்து, எண்ணெய் ஆலைச் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவருக்கு மட்டுமே தோன்றும் கேள்வியைக் கேட்டீர்கள்: "மாமா, தலைக்கு என்ன தேய்க்கிறீங்க?"

ஆளிவிதை எண்ணெய். வழுக்கைக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள். உங்கள் மாமியார் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து ஆரம்பித்தேன்.

"பாட்டிலை எங்க வச்சீங்க?"

"ஜன்னல்ல. மூடி தொலைஞ்சு போச்சு."

"அதான் மாமா! அதுல லினோலெனிக்னு ஒரு கொழுப்பு அமிலம் நிறைய. இரட்டைப் பிணைப்பு மூணு இருக்கு. காத்தும் வெயிலும் பட்டா ஆக்சிஜன் சுலபமா உள்ள புகுந்து உடைச்சிடும். உடைஞ்ச துண்டுல ஒண்ணு வெள்ளரி வாசம், ஒண்ணு பெயிண்ட், ஒண்ணு மீன். தேங்காய் எண்ணெயில அந்தப் பிணைப்பே ரொம்பக் கம்மி, லேசுல கெடாது."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள். நான் தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டு மூளைக்குள் தேடியிருக்கிறேன். உடனே பாட்டிலைக் குப்பையில் போட்டு, ஷாம்பு தீரும்வரை குளித்தேன். இன்று பேருந்தில் ஒருவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! நான் இறங்கும் இடம் தாண்டியும் அவரை எழுப்பவில்லை.

நீங்கள் இருவரும் குறைவின்றி வாழ்க. பேரனுக்கு என் முத்தம். உங்கள் மாமியாரிடம் என் அன்பை மட்டும் சொல்லவும், எண்ணெயைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
ஆரோக்கியமான மாமனார்

பி.கு.: தபாலில் போடக் கிளம்பும்போது கண்ணாடி பார்த்தேன். முன்னந்தலையில் புதிதாக மூன்று முடி! பாட்டிலைக் குப்பையிலிருந்து எடுத்துவிட்டேன். மூளைக்கு ஒரு குறையும் இல்லை என்று மேலே எழுதியிருப்பதை மட்டும் அடித்துவிடவும்.