பூவரசங் கம்பமும் அபிவிருத்தியாரும்

பந்தை உதைத்தால் ஊர் வளரும் என்று நம்பிய மனிதர் இந்த உலகத்தில் ஒரேயொருவர்தான். அவர் எங்கள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. சண்டிலிப்பாய் முதல் காங்கேசன்துறை வரை அவர் அபிவிருத்தியார். கடித உறையில் என்ன எழுதியிருந்தாலும் தபாற்காரரும் படலையில் நின்று, "அபிவிருத்தியார்!" என்றுதான் கூப்பிடுவார்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருடங்களுக்கு முந்திய கதை இது. பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்புப் போதும் என்று நான் ஐந்தாம் வகுப்போடு மறிக்கப்பட்டு வீட்டில் இருந்த காலம். அபிவிருத்தியார் மலாயா ரயிலில் கார்டாக இருந்துவிட்டுப் பென்சனோடு ஊருக்கு வந்தவர். அந்தக் காலத்து மலாயாப் பென்சனியர்மார் வரும்போது சுவர்க் கடிகாரம் கொண்டு வருவார்கள், பிரம்பு நாற்காலி கொண்டு வருவார்கள், சிலர் சலரோகம் கொண்டு வருவார்கள். இவர் ரயில் விசிலும் பச்சைக் கொடியும் ஒரு யோசனையும் கொண்டு வந்தார். விசிலாலும் கொடியாலும் ஊருக்குப் பெரிய ஆபத்து இல்லை.

வேட்டிக்கு மேலே கோட்டு, தலையில் வெள்ளைக்காரத் தொப்பி. யாரைக் கண்டாலும் மறித்துத் தொடங்குவார்.

"அங்கை ஒரு பட்டினம். நடுவிலை ஒண்டுமில்லை, வெறும் புல்லு. பின்னேரத்திலை பந்தடிப்பாங்கள். பாக்கச் சனம் வரும். சனம் வந்தால் தேத்தண்ணிக் கடை வரும். தேத்தண்ணிக் கடை வந்தால் பஸ் வரும். பஸ் வந்தால்..." இந்த இடத்தில் தொப்பியைக் கழற்றுவார். "அபிவிருத்தி!"

எங்கள் சந்தியில் அப்போது இருந்தவை ஒரு சுமைதாங்கியும், மாடுகள் முதுகு உரசும் ஆவுரஞ்சிக் கல்லும். இரண்டில் கல்லுக்குத்தான் வாடிக்கை அதிகம். பஸ் பிடிக்க அரை மைல் நடந்து பெருந்தெருவுக்குப் போகவேண்டும்.

சந்தியை ஒட்டி, எங்கள் வளவு வேலிக்கு மற்றப் பக்கத்தில், ஒரு பெரிய புகையிலைத் தோட்டம் இருந்தது. அபிவிருத்தியார் கண் வைத்தது அதில். ஆனால் அது அவருடைய பெண்சாதியின் சீதனக் காணி. எங்கள் ஊர் வழக்கத்தில் சீதனக் காணி பெண்சாதிக்குத்தான் சொந்தம். புருஷன் அதில் ஒரு கத்தரிக்காய் பிடுங்குவதென்றாலும் கேட்டுத்தான் பிடுங்கவேண்டும். அவவை நான் மாமி என்று கூப்பிடுவேன். மாமி கேட்டவுடன் கொடுக்கிற ஆள் அல்ல.

இந்தப் பேச்சு எங்கள் முற்றம்வரை கேட்டது.

"இஞ்சாரும், அந்தக் காணியை ஒருக்கால் தாரும்."

"என்னத்துக்கு?"

"பந்தடிக்க."

"உங்களுக்கோ?"

"ஊருக்கு."

உரல் சத்தம் நின்றது. "புகையிலை போட்டால் புகையிலை வரும். பந்தைப் போட்டால் என்ன வரும்?"

"பஸ் வரும். மலாயாவிலை வந்தது."

"மலாயாவிலை றப்பரும்தான் வந்தது. இஞ்சை பூவரசிலை பால் எடுக்கப் போறியளோ?"

உரல் திரும்ப நாலு இடி இடித்தது. பிறகு மாமியே சொன்னா. மாமியின் அக்கா பருத்தித்துறையில் இருந்தவ. அவவைப் பார்க்க மாதம் ஒருமுறை முழங்கால் நோவோடு அந்த அரை மைலை நடந்து, வழி முழுக்க ரோட்டுப் போட்டவனைத் திட்டிக்கொண்டு போய்வருவது மாமியின் வழக்கம்.

"சரி. புகையிலை வெட்டினாப்போலை காணி சும்மாதானே கிடக்கும். எடுங்கோ. கார்த்திகையிலை புகையிலைக் கண்டு நடுறதுக்கு முன்னம் பஸ் எங்கடை சந்திக்கு வந்து என்னை ஏத்தவேணும். ஏத்தினால் காணி பந்துக்கு. ஏத்தாட்டில் புகையிலைக்கு. பிறகு என்ரை காதுக்கை அபிவிருத்தி எண்ட சொல்லு விழக்கூடாது."

"ஓம்" என்றார் அபிவிருத்தியார். விசில் அடித்து முடிவை உறுதிப்படுத்தினார்.

ஊரவர் கூடினார்கள். பந்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை, வேலியைப் பற்றித்தான் கதை. வடக்குப் பக்கத்துக் காணிக்காரர் துள்ளினார்.

"வேலியில்லாமல் ஒரு காணியோ? உவங்கள் பந்தோடை சேத்து எல்லையையும் உருட்டிக்கொண்டு என்ரை பக்கம் வருவாங்கள்!"

ஆகவே நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே, பின்னிய தென்னோலைக் கிடுகால் வேலி அடைத்தார்கள். எறும்பு எட்டிப் பார்க்க இடமில்லை. முதலாவது ஆட்டத்தன்று ஊர் முழுக்கத் திரண்டு வந்து, வேலிக்கு வெளியே நின்று கிடுகைப் பார்த்தது. உள்ளே இருபத்திரண்டு பேரும் அபிவிருத்தியாரும் மட்டும். ஒருவர் பனையில் ஏறிச் செய்தி சொன்னார்.

"இப்ப என்ன நடக்குது?"

"ஓடுறாங்கள்."

"எங்கை?"

"அங்கையும் இஞ்சையும்."

அடுத்த ஆட்டத்துக்குக் கிடுகைக் குடைந்து, கண் வைத்துப் பார்க்க ஆளுக்கொரு பொட்டு வேலியில் விழுந்திருந்தது. பொட்டுக்கும் சண்டை.

"அண்ணை, கண்ணை எடுங்கோ. அது என்ரை பொட்டு."

"உன்ரை எண்டதுக்குக் காணி உறுதி கிடக்கோ?"

எங்கள் வளவுப் பக்கத்திலும் ஒரு பொட்டு இருந்தது. கீழ்ப் பாதி எனக்கு, மேல் பாதி மாமிக்கு. ஆட்டம் பார்க்க வரவில்லை, காணி பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க வந்ததாக மாமி ஒவ்வொரு முறையும் சொல்லுவா. தோட்டத்தில் உதைத்த பந்துக்கு எங்கள் வளவில் மாமியின் காலும் ஆடும்.

கோல் கம்பத்தின் கதை வேறு. எங்கள் ஆட்களுக்குக் கம்பம் நடத் தெரிந்தது ஒரே விதமாகத்தான். பூவரசிலோ கிளுவையிலோ, வேலிக்கு நடுகிற பச்சைக் கதியாலாக வெட்டி, அடியில் எருப் போட்டுத் தண்ணீர் ஊற்றி நடுவது. அபிவிருத்தியார் பந்து வாங்க ரவுணுக்குப் போயிருந்த நேரம், நல்ல பூவரசங் கதியால் நாலைப் பாசத்தோடு நட்டுவிட்டார்கள். ஒரு மழை பெய்தது. கோல் கம்பம் துளிர்த்தது. ஆனி பிறக்கக் கொப்பு விட்டது. ஆவணியில் மஞ்சள் பூப் பூத்தது.

சண்டிலிப்பாய்ப் பெடியளோடு நடந்த ஆட்டத்தில் பந்து கொப்பில் பட்டு உள்ளே போனது. கோலா, இல்லையா? அபிவிருத்தியார் சட்டப் புத்தகத்தை முழுக்கப் புரட்டினார். அதில் இலை பற்றி ஒன்றுமில்லை. கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

"துளிரிலை பட்டால் கோல். முத்தின கொப்பிலை பட்டால் கோலில்லை."

அதன்பிறகு ஆட்டத்துக்கு முன்னர் மாமியின் ஆடுகளைக் கொண்டுவந்து இரண்டு பக்கக் கம்பத்தையும் மேயவிடுவது சட்டமாயிற்று. எங்கள் கோல்காரருக்கு நிழலில் நின்று பழகிவிட்டது. அரைவாசியில் பக்கம் மாறச் சொன்னால், "மற்றப் பக்கக் கொப்பு காணாது, நான் வரமாட்டன்" என்று இருந்துவிடுவார். கம்பத்தைத் தறித்துவிட்டுக் காய்ந்த மரம் நடச் சொன்னார்கள் சிலர். அபிவிருத்தியார் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"நட்டது முளைச்சுப் பூத்து நிக்குது. இதைவிட என்ன அபிவிருத்தி வேணும் உங்களுக்கு?"

ஆட்டத்தை அவர் ரயில் மாதிரியே நடத்துவார். பச்சைக் கொடி காட்டினால் தொடக்கம். நேரம் முடிந்தால் பந்து ஆகாயத்தில் நின்றாலும் விசில்.

அந்தப் பந்து வாரத்துக்கு இரண்டு தடவையாவது வேலி தாண்டி எங்கள் வளவுக்குள் விழும். நான் எடுத்து, வாசலில் யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு, கையால் வேலிக்கு மேலே எறிவேன். ஒருநாள் பொட்டுக்குள்ளால் தொப்பி தெரிந்தது.

"பிள்ளை, கையாலை எறிஞ்சால் பவுல். காலாலை அடி."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பந்தைக் கையால் எறிந்துவிட்டுக் குசினிக்குள் ஓடிவிட்டேன். அவரும் விடவில்லை. பந்து விழும்போதெல்லாம் வேலிக்கு அங்காலிருந்து, "காலாலை, பிள்ளை, காலாலை!" என்று குரல் வரும். ஒருநாளும் நான் அடிக்கவில்லை.

சனம் வந்தது உண்மை. முதலில் கடலைக்காரி வந்தா. பிறகு நாலு தடியும் கிடுகுமாக ஒரு தேத்தண்ணிக் கடை. அதன் பக்கத்தில் ஒருவர் கதிரையும் கண்ணாடியும் கொண்டுவந்து சலூன் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் அபிவிருத்தியார் வீட்டுக்கு ஓடிப்போய் அறிவிப்பார்.

"இஞ்சாரும், தேத்தண்ணிக் கடை வந்திட்டுது!"

"தேத்தண்ணி என்னைப் பருத்தித்துறைக்கு ஏத்திக்கொண்டு போகுமோ?"

"சலூனும் வந்திட்டுது!"

"நான் மொட்டை அடிக்கக் கேக்கேல்லை. பஸ் கேட்டனான்."

புரட்டாதி பிறந்ததும் மாமி முற்றத்தோரத்தில் புகையிலை நாற்றுப் போட்டா. காலையில் எழுந்ததும் அபிவிருத்தியார் போய் நாற்றைப் பார்ப்பார். கன்று ஒரு விரல் வளர, அவர் ஒரு விரல் குறைந்துகொண்டு வந்தார். பஸ் முதலாளியிடம் நாலு முறை நடந்தார். "ஒழுங்கையிலை பஸ்ஸைத் திருப்ப இடமில்லை, ஐயா" என்ற ஒரே மறுமொழிதான்.

கடைசியில் ஒரு வழி கண்டார். காங்கேசன்துறைத் துறைமுகத்துப் பெடியளை ஆட்டத்துக்கு அழைத்தார். அவர்கள் அதே முதலாளியின் பஸ்ஸை வாடகைக்குப் பிடித்து நேரே சந்திக்கு வருவார்கள். பஸ் மைதானத்துக்குள் புகுந்து திரும்பும். போகும்போது மாமியைப் பெருந்தெரு வரையாவது ஏற்றிக்கொண்டு போகும். ஐப்பசிக் கடைசிச் சனிக்கிழமை. மாமி பயணச் சேலை உடுத்து, குடையும் அக்காவுக்குக் கத்தரிக்காய்க் கடகமுமாகப் படலையில் வந்து நின்றா. மறுநாள் நடுவதற்கு நாற்றும் பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தா. எதற்கும் ஆயத்தமாக இருப்பது மாமியின் குணம்.

ஒன்றை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். முந்தின இரண்டு நாளும் நல்ல மழை.

பஸ் வந்தது! ஊர் ஆர்ப்பரித்தது. படலை அகலம் போதாதென்று அபிவிருத்தியார் தானே கத்தியெடுத்து வேலியை வெட்டினார். வடக்குப் பக்கத்துக் காணிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டார். பச்சைக் கொடி ஆடியது. பஸ் உள்ளே புகுந்து, அரைவட்டம் அடித்து, நட்ட நடுவில், பந்து வைக்கும் இடத்தில், சில்லு மறையப் புதைந்தது. தலைமுறை தலைமுறையாக எருவும் குழையும் தின்று கொழுத்த மண். அன்றைக்கு அது பஸ்ஸையும் தின்னப் பார்த்தது.

"பரவாயில்லை, பஸ்ஸைச் சுத்தி அடியுங்கோ!" என்று விசில் ஊதினார் அபிவிருத்தியார். ஒருவரும் அசையவில்லை. சாரதி இறங்கிப் புதைந்த சில்லைப் பார்த்தார், பூத்த கோல் கம்பத்தைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார்.

"என்ன ஐயா இது? மைதானமோ, வயலோ, காடோ?"

இரண்டு அணியும் தள்ளியது. பஸ் இன்னும் தாழ்ந்தது. அப்போதுதான் மாமி கடகத்தையும் குடையையும் என் கையில் தந்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய் வண்டி மாடுகள் இரண்டையும் அவிழ்த்து வந்தா. அந்த மைதானத்துக்குள் கால் வைத்த முதல் பெண் மாமிதான். மாடு இழுக்க, இருபத்திரண்டு பேர் தள்ள, அபிவிருத்தியார் முன்னால் நின்று பச்சைக் கொடி காட்ட, பஸ் ஒருமாதிரி மேலே வந்தது. நடுவில் ஒரு குளம் மிஞ்சியது.

சாரதி முகத்துச் சேற்றை வழித்தார். "இனி இந்தப் பக்கம் நான் தலை வைச்சும் படுக்கமாட்டன்."

அபிவிருத்தியார் பச்சைக் கொடியை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். கோட்டுப் பைக்குள் வைத்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. நாளைக்குக் காலையில் புகையிலைக் கன்று நடப்படும் என்று எங்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

மாமி புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு சாரதியிடம் திரும்பினா.

"தம்பி, உந்த ரோட்டோர மூலையிலை கல்லுப் போட்டு இறுக்கினால் பஸ் திரும்புமோ?"

"திரும்பும், ஆச்சி. ஆனால் ஆர் போடுறது?"

"காணியும் என்ரை. கல்லும் என்ரை கிணத்தடியிலை கிடக்கு."

"எண்டாலும் முதலாளியைக் கேக்கவேணும்."

"உன்ரை முதலாளியின்ரை தாய் எனக்கு மச்சாள் முறை. அவனை நான் கேக்கிறன்."

அபிவிருத்தியார் வாயைத் திறந்தார். "அப்ப... புகையிலை?"

"அது வீட்டுக்குப் பின்னாலை நடலாம்" என்றா மாமி. "வாயைப் பாத்துக்கொண்டு நிக்காமல் மாட்டைப் பிடியுங்கோ."

தை பிறந்ததும் பஸ் வந்தது. கல்லுப் போட்ட மூலையில் திரும்பியது. மாமி முதல் ஆளாக ஏறிச் சாரதிக்குப் பின்னால் இருந்தா. அபிவிருத்தியார் கொடியை எட்டு மடிப்பிலிருந்து விரித்துக் காட்டினார். பஸ் புறப்பட்டபோது மாமி தலையை வெளியே நீட்டி, "அடுப்பிலை பால் கிடக்கு, இறக்குங்கோ!" என்று கத்தினா. வேறு வாழ்த்து ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு அபிவிருத்தியை நிறுத்த ஒருவராலும் முடியவில்லை. பஸ் திரும்பிய மூலைக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வந்தது. தேத்தண்ணிக் கடை சாப்பாட்டுக் கடையாகி, மெல்ல மெல்ல நகர்ந்து மைதானத்தின் ஓரக் கோட்டைத் தாண்டியது. பதினொருவர் ஆடிய இடத்தில் ஏழு பேர் ஆடினார்கள், பிறகு ஐந்து பேர். தூரத்துக் கோல் கம்பம் இரண்டும் புடைவைக் கடைக்காகத் தறிபட்டன. கடைசியில் எங்கள் பக்கத்துக் கம்பம் இரண்டும்தான் மிஞ்சின. பஸ்ஸுக்கு நிற்கிற சனத்துக்கு நிழல் வேண்டுமென்று அவற்றை மட்டும் வெட்ட மாமி விடவில்லை.

ஒருநாள் பின்னேரம் பந்து எங்கள் வளவுக்குள் விழுந்தது. யாரும் கேட்டு வரவில்லை. வெகுநேரத்துக்குப் பிறகு பொட்டில் தொப்பி தெரிந்தது.

"பிள்ளை, நான் சொன்னதெல்லாம் வந்திட்டுது. பந்தை வைக்கத்தான் இடமில்லை." சிரித்தாரா என்று கிடுகுக்குள்ளால் தெரியவில்லை. "அது உன்னோடையே இருக்கட்டும்."

அவர் போய்ச் சேர்ந்து கனகாலம். மாமியும் போய்விட்டா. பந்து எங்கள் வீட்டு மூலையில் கிடந்து உக்கிப் போயிற்று. அந்தப் பூவரசுகள் இரண்டும் இப்போது கட்டிப்பிடிக்க முடியாத பருமன். அதன் கீழே பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்குத் தாங்கள் கோலுக்குள் நிற்பது தெரியாது.

நானும் சில நாள் பஸ்ஸுக்குப் போவேன். எல்லோரும் பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நேரம் பார்த்து, இரண்டு மரத்துக்கும் நடுவால் ஒரு சின்னக் கல்லைத் தட்டிவிடுவேன். காலால்தான்.