லிஃப்ட் மெக்கானிக் கைபட்ட செடி

காலையில் பால்கனிக் கதவைத் திறந்தபோது ஆறாவது இலையும் விழுந்து கிடந்தது.

லிஃப்ட் மெக்கானிக் குனிந்து எடுத்துப் பார்த்தார். பூச்சி கடித்த தடம் இல்லை, நோய்ப் புள்ளியும் இல்லை. ஆனாலும் நாளுக்கு ஒன்றாக அடியிலிருந்து கழன்றுகொண்டே இருந்தது. ஏன் என்றுதான் விளங்கவில்லை. லிஃப்டிலிருந்து தினம் ஒரு போல்ட் கழன்று விழுந்தால் எந்த மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்?

செடி அவருடையதாக இருந்தால் கவலையில்லை. அது மனைவியுடையது. அவள் நர்ஸ். நாலு வருஷத்துக்கு முன்னால், உடம்பு தேறி வீட்டுக்குப் போன ஒரு நோயாளி கொடுத்தது. ரோஜாப்பூ மாதிரி தடித்த இலைகள் அடுக்கிய சதைப்பற்றுச் செடி. இப்போது சாண் உயரம் வளர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

இரண்டு மாதப் பயிற்சிக்கு வெளியூர் கிளம்பியபோது, வாசலில் நின்று மூன்று தடவை சொன்னாள்.

"செடியைத் தொடாதீங்க."

"நான் எதுக்குத் தொடப் போறேன்?"

"சுவர்க் கடிகாரத்தை எதுக்குத் தொட்டீங்க? தையல் மெஷினை எதுக்குத் தொட்டீங்க?"

அவர் கழற்றிய கடிகாரம் இன்னும் பிஸ்கட் டப்பாவில்தான் இருந்தது.

"இது மட்டும் செத்துச்சு, உங்க டூல்பாக்ஸ் இந்த வீட்டை விட்டுப் போயிடும். சொல்லிட்டேன்."

இருபத்திரண்டு வருஷத்து டூல்பாக்ஸ். அதற்காகவாவது செடி பிழைத்தாக வேண்டும்.

விழுந்த இலையைத் தடவினார். சுருங்கியிருந்தது. சுருங்கினால் தண்ணீர் போதவில்லை என்றுதானே அர்த்தம்? அன்றிலிருந்து காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு.

ஒரே வாரத்தில் நாளுக்கு மூன்று இலை விழ ஆரம்பித்தது. தண்டின் அடி கறுத்து, அழுத்தினால் கனிந்த வாழைப்பழம் போல உள்ளே போனது.

அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கும் கொழுந்தியாள் எட்டிப் பார்க்க வந்தவள், தலையில் கை வைத்தாள்.

"மாமா! இவ்வளவு தண்ணியா? இதோட இலையே ஒரு தண்ணித் தொட்டி. வயசான இலை அடியில உதிரும், மேல புதுசு வரும். அது எப்பவும் நடக்கிறதுதான்."

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"அக்கா தொடாதீங்கன்னு சொன்னாளே, வேற எப்படிச் சொல்றதாம்? இனிமேலாவது சும்மா இருங்க. தலையை மட்டும் வெட்டிடாதீங்க."

தலையை வெட்டுவது என்பது அதுவரை அவருக்குத் தோன்றவே இல்லை.

அவள் படியிறங்கும் சத்தம் ஓய்வதற்குள் தோன்றிவிட்டது. லிஃப்டின் கம்பி வடம் நுனியில் பிரிந்தால் பிரிந்ததை நறுக்கிவிட்டு நல்ல பாகத்தைத் திரும்ப மாட்டுவார்கள். அழுகலுக்கு மேலே வெட்டினால் தீர்ந்தது. அலமாரியில் பிரிக்காத பிளேடு ஒன்று, ஸ்பிரிட் குப்பி, ஒரு தட்டு, பருமணல் கலந்த ஒரு பை மண். மனைவி எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். "எதுக்கு?" என்று அன்றைக்குக் கேட்டதற்கு, "சும்மா இருக்கட்டும்" என்றாள். நல்லவேளையாகப் போயிற்று.

பிளேடைத் துடைத்தார், வெட்டினார். தண்டைத் திருப்பிப் பிடித்ததுதான் தாமதம், இலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. முப்பத்தாறு. உச்சியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கொண்டை மட்டும் மிஞ்சியது.

அவர் டூல்பாக்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

உடனே தட்டில் மண்ணைப் பரப்பி, பதினான்கு இலைகளை நாற்று போலக் குத்தி, தாராளமாகத் தண்ணீர் தெளித்தார். ஐந்தாம் நாள் பதினான்கும் கண்ணாடி மாதிரி ஊறிக் கூழாகிவிட்டன.

போனில் மனைவி கேட்டாள்: "செடி எப்படி இருக்கு?"

"நல்லாப் பரவியிருக்கு."

"தொடலையே?"

"சேச்சே!"

மறுமுனையில் அவள் இருமினாளா சிரித்தாளா என்று தெரியவில்லை.

தட்டில் இடமில்லாததால் மீதி இருபத்திரண்டு இலைகளையும் கொண்டையையும் டூல்பாக்ஸ் மூடிமேல் போட்டு மறந்திருந்தார். எடுத்துப் பார்த்தால் ஒன்றுகூட அழுகவில்லை! கழன்ற முனையில் காயம் உலர்ந்து, மெல்லிய தோல் மூடியிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. காயம் ஆறாத இலையை ஈரத்தில் வைத்தால், திறந்த வாய் வழியாகத் தண்ணீர் புகுந்து அழுக்கிவிடுகிறது. உலர்ந்துவிட்டால் கதவு சாத்தியாயிற்று. வேர் விட, உள்ளே இருக்கும் தண்ணீரே போதும். லிஃப்டில் கை வைக்கும் முன் முதல் வேலை என்ன? மெயினை அணைப்பது. இங்கே மெயின், தண்ணீர்!

அணைத்தார். உலர்ந்த இலைகளைக் காய்ந்த மண்மேல் கிடத்தினார். கொண்டையைக் காலி டம்ளரின் வாயில் உட்கார வைத்தார். எல்லாவற்றையும் நேர் வெயில் படாத வெளிச்சமான மூலைக்கு நகர்த்தினார். பிறகு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தார். சும்மா இருந்தார்.

மூன்றாம் வாரம் இலை முனைகளில் இளஞ்சிவப்பு நூல்கள் எட்டிப் பார்த்தன. வேர்! இப்போதுதான் தண்ணீர் தெளித்தார், அதுவும் மண் முழுக்கக் காய்ந்த பிறகு மட்டும். கடுகளவில் முளைத்தவை பட்டாணி அளவு ரோஜாக்களாயின. பிள்ளை பருக்கப் பருக்கத் தாயிலை சுருங்கியது. இரண்டு இலை வேரோடு நின்றுவிட்டன. இருபது குட்டி தேறின. கொண்டையும் வேர் விட்டது.

மனைவி வந்து பெட்டியை இறக்குவதற்குள் அவர் கொட்டிவிட்டார்.

"தொட்டுட்டேன். வெட்டவும் வெட்டிட்டேன். ஆனா வந்து பாரு!"

அவள் பால்கனியில் மண்டியிட்டு, ஒவ்வொரு குட்டியாக விரலால் எண்ணினாள்.

"இருபது!"

"கொண்டையோட இருபத்தொன்னு," என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்தி.

அவள் எழுந்து போய், டூல்பாக்ஸைத் தன் கையாலேயே தூக்கி வந்து, ஹாலில் காட்சி அலமாரியின் நட்டநடுவில் வைத்தாள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தியாள் உள்ளே வந்தாள். கையில், அடியில் ஓட்டை போட்ட காகிதக் கப்புகள் ஒரு அடுக்கு. சரியாக இருபது.

"நீ எப்படி இருபதுன்னு எண்ணிக் கொண்டுவந்தே?" என்றார் அவர்.

"ஊருக்கெல்லாம் ஊசி போடுறவளுக்கு சாஞ்சுபோன இந்தச் செடியை வெட்டிப் பெருக்க மட்டும் ரெண்டு வருஷமா மனசு வரல, மாமா. 'தொடாதீங்கன்னு அவர்கிட்ட மூணு தடவை சொல்லிட்டுப் போறேன், வரும்போது இருபது செடி இருக்கும், கப்பு வாங்கி வை'ன்னு கிளம்புற அன்னிக்கே சொல்லிட்டாளே!"